எட்டாம் நம்பர் மலையின் கடைசி அத்தியாயம்

மறுபதிப்பு வேலை ஏதாவது உங்கள் மேசைக்கு வந்தால் முதலில் அதன் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள். முன்னுரை, அட்டை, படங்கள் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் இந்தப் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்து பதிப்பாசிரியராக ஓய்வு பெற்றவள். கீழே புத்தகக்கடையும் மேலே அலுவலகமுமாக, எஹலியகொட பஜாரில் இருக்கும் இதே கட்டடத்தில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. புதிதாக வந்திருக்கும் உங்களோடு கொஞ்சம் பேசச் சொல்லி மொதலாளி கேட்டார். எழுத்துப்பிழை திருத்துவது, பக்கம் அமைப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் ‘எட்டாம் நம்பர் மலை’ மறுபதிப்பின்போது நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் புத்தகம் இனி உங்கள் பொறுப்பில்தான் இருக்கப்போகிறது. தோட்டக் கம்பனிக்காரனுக்குப் பயந்து நாங்கள் கதையை மாற்றினோம் என்று வெளியே பேச்சு இருப்பது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். நான் சொல்வது இந்த அறையோடு இருக்கட்டும்.

கதை உங்களுக்குத் தெரியும். ஒரு ரப்பர் தோட்டம். புகையில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டுகள் ஸ்டோரிலிருந்து காணாமல் போகின்றன. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் மூன்று பேர் துப்பறிகிறார்கள். அவர்கள் சந்தேகமெல்லாம் ஸ்டோர் ஐயா மேல். ஸ்டோருக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் அவர். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். கறுப்புத் துணி ஒட்டுப்போட்ட பச்சைக் குடையோடுதான் எப்போதும் திரிவார். இதை எழுதியவர் தெரணியகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பித்தவர். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். நானும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் ஒரு சிறுவர் சஞ்சிகையில் தொடராக வந்து, பிறகு இப்போதைய மொதலாளியின் அப்பா காலத்தில் புத்தகமானது. அந்த முதல் பதிப்பில் ஸ்டோர் ஐயாதான் திருடன். பிள்ளைகள் கையும் களவுமாகப் பிடிக்கிறார்கள். சில வருடம் கழித்து வந்த இரண்டாம் பதிப்பில் கடைசி அத்தியாயம் தலைகீழ். திருடன் வெளியூர் லொறிக்காரன். ஸ்டோர் ஐயா ஆரம்பத்திலிருந்தே பிள்ளைகளுக்கு மறைமுகமாக உதவிய நல்ல மனிதர். அதற்குப் பிறகு வந்த பதிப்புகளும் அப்படியே. பழைய வாசகர்கள் யாருக்கும் இது பிடிக்கவில்லை. தோட்டக் கம்பனி மிரட்டியது என்றார்கள், தோட்டத்தை நடத்தும் தொரை ஆள் அனுப்பினார் என்றார்கள், பெரிய மொதலாளி விலைபோனார் என்றும் சொன்னார்கள். எனக்கு வேலை பழக்கிய பெரியவர் ஒருவர் இங்கே இருந்தார். எதைக் கேட்டாலும் விளக்கமாகச் சொல்பவர். இதைப் பற்றி நான் ஒருமுறை கேட்டபோது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அதக் கெளராத” என்றார். அன்றிலிருந்து எனக்கும் சந்தேகம்தான்.

மாஸ்டர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. புத்தகம் கடைகளில் இல்லை. பிந்திய பதிப்பின் போட்டோகொப்பிதான் கைமாறிக்கொண்டிருந்தது. ஒருநாள் மொதலாளி துள்ளிக்கொண்டு வந்தார்.

“மிஸ், ‘எட்டாம் நம்பர் மலை’ய திரும்பப் போடுறோம். பழைய முடிவோட. அட்டையிலேயே ‘மறைக்கப்பட்ட முடிவு, மீண்டும்’னு போட்டா எப்பிடி?”

“யாரு மறைச்சதாம்?” என்றேன்.

“அதுதான் யாருக்கும் தெரியாதே. அதுக்காகவே வாங்குவாங்க.”

வேலையைத் தொடங்க முதல் பதிப்பின் பிரதி வேண்டும். எங்கள் அலுமாரியில் ஒன்று இருந்தது. திறந்தேன். கடைசி அத்தியாயம் இல்லை. கிழிந்து விழுந்திருந்தால் விளிம்பு பிசிறடித்திருக்கும். இது தையலோரமாகப் பிளேடு வைத்து அளவாக வெட்டப்பட்டிருந்தது. கேகாலைப் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பிரதி இருக்கிறதென்று அறிந்து பஸ் ஏறிப் போனேன். அதிலும் அதே இடத்தில் அதே வெட்டு. ருவன்வெல்லையில் பழைய புத்தகம் சேர்க்கிற ஒருவர் தன் பிரதியை யாருக்கும் இரவல் கொடுத்ததே இல்லை என்று சத்தியம் செய்தார். ஆனால் அவர் அதை வாங்கியதே ஒரு பாடசாலை கழித்துப்போட்ட குவியலிலிருந்து. அவருக்கு முன்னால் வைத்தே திறந்தோம். முகம் கறுத்துவிட்டது மனிதருக்கு. நான்தான் வெட்டினேன் என்பதுபோல என்னையே பார்த்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். யாரோ ஒருவர் ஊர் ஊராகப் போய், ஒரு சிறுவர் கதையின் கடைசிப் பக்கங்களை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார். எதற்கு?

அந்த வாரத்திலேயே மாஸ்டரின் மகன் பாலன் கடைக்கு வந்தார். இரத்தினபுரியில் மின்சாமான் கடை வைத்திருப்பவர். பதிப்புரிமை அவரிடம்தான். ஷொப்பிங் பேக்கிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். முதல் பதிப்பு. கடைசிப் பக்கம் வரை முழுசாக இருந்தது.

மொதலாளி அதைக் கையிலெடுத்து முகர்ந்தே பார்த்தார். எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. எல்லாப் பிரதியும் வெட்டுப்பட்டுக் கிடக்க, உரிமைக்காரரின் பிரதி மட்டும் எப்படித் தப்பியது?

“மத்ததுல எல்லாம் கடைசிப் பக்கத்த யாரோ வெட்டியிருக்காங்க பாலன். ஒங்களுக்குத் தெரியுமா?”

“அப்பிடியா?” என்றார். ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொண்டார். கை மட்டும் அந்த ஷொப்பிங் பேக்கைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

பக்கங்கள் தட்டச்சாகி முதல் மெய்ப்பு என் கைக்கு வந்த காலத்தில்தான் அந்தத் தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. ஒரு பெண் குரல். வயதானவர் மாதிரி இருந்தது.

“அந்த எட்டாம் நம்பர் மலை திரும்ப வருதாமே?”

“ஆமாங்க. நீங்க யாரு பேசுறது?”

“எந்த முடிவோட வருதுங்க?”

சொல்வதா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. பிறகும் ஒருமுறை அப்படியே. மொதலாளி வேறு பதிப்பகத்தின் வேலை என்றார். நான் பாலன் ஆள் வைத்துப் பேசுகிறார் என்று நினைத்தேன். ஒரு வீட்டுக்குள் சந்தேகம் புகுந்துவிட்டால் எல்லாருடைய முகமும் மாறிப்போகும். அந்த நாட்களில் பாலன் தேத்தண்ணி குடித்த விதம்கூட எனக்குக் கள்ளத்தனமாகத் தெரிந்தது.

மாஸ்டர் படிப்பித்த பாடசாலைக்கு ஒருதரம் போய்ப் பார்த்துவிடுவோம் என்று தெரணியகலைக்குப் போனேன். டவுனிலிருந்து த்ரீவீலில் மேலே. பாடசாலையில் பிரதி இல்லை. ஆனால் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் அதிபராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் கோயிலுக்குக் கீழே குடியிருப்பதாகச் சொன்னார்கள். அவரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

“வெட்டினது யாருன்னா கேக்குறீங்க? மாஸ்டர்தான். என் கண்ணு முன்னாலயே வெட்டினாரு.”

“எழுதின மாஸ்டரா?”

“வேற யாரு? ஒருநாள் திடீர்னு வந்தாரு. லைப்ரரியில எம் புத்தகம் இருக்கான்னு கேட்டாரு. பெருமையா எடுத்துக் குடுத்தேன். சட்டப் பையிலேருந்து பிளேட எடுத்தாரு. என்ன மாஸ்டர் செய்றீங்கன்னு நான் கத்தியே போட்டேன். ‘புள்ளைங்களுக்கு வேற கதப் புத்தகம் இல்லையேம்மா, முழுசா எடுத்துட்டுப் போக மனசு வரல. கடைசிய மட்டும் எடுத்துக்கிறேன். புதுசு வந்ததும் அனுப்புறேன்’னாரு. அனுப்பவும் செஞ்சாரு.”

“ஏன்னு சொல்லலையா?”

“கேட்டேன். ‘அது பொய்யும்மா’ன்னு மட்டும் சொன்னாரு. கதைன்னா பொய்தானே மாஸ்டர்னு சிரிச்சேன். அவரு சிரிக்கல.”

அங்கிருந்தே பாலனுக்குப் போன் எடுத்து, அப்பாதான் வெட்டினார் என்று தெரிந்துவிட்டது என்றேன். அவர், “இரத்தினபுரிக்கு வாங்க மிஸ், நேர்ல பேசுவோம்” என்றார்.

அவர் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினோம். ஸ்டோர் ஐயா கற்பனை ஆள் இல்லை. மாஸ்டர் இருந்த தோட்டத்திலேயே அப்படி ஒருவர் இருந்தார். அதே கால், அதே குடை. மாஸ்டருக்கு வேண்டியவரும்கூட. வெள்ளிக்கிழமைகளில் ஒன்றாகக் கோயிலுக்குப் போவார்களாம். கதைக்கு ஒரு உருவம் தேவைப்பட்டபோது கண்ணெதிரே நின்றவரை எடுத்து எழுதிவிட்டார். கெட்ட எண்ணமே இல்லை. புத்தகம் வந்ததும் அந்த மனிதரே வாங்கிப் பார்த்து, என் குடையைப் போட்டிருக்கிறீர்களே என்று சிரித்தாராம்.

“மொதல்ல வெளையாட்டாத்தான் இருந்துச்சு,” என்றார் பாலன். “புள்ளைங்க அவரு பின்னாலயே நொண்டிக்கிட்டு போகும். நானும் போயிருக்கேன். அப்புறம் நெசமாவே ஸ்டோர்ல ஷீட் கொறஞ்சிச்சு. யாரு எடுத்தான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஆனா எல்லாரும் அவரத்தான் பாத்தாங்க. பீலியில தண்ணி புடிக்கப் போன அவரு சம்சாரத்துக்கிட்டயே கேட்டாங்க. தொரை கூப்பிட்டு, தானாவே வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருன்னாரு. குடும்பத்தோட எறங்கிப் போனாங்க.”

“அதனாலதான் மாஸ்டர் முடிவ மாத்தினாரு.”

“ஆமா. கெடைச்ச பிரதியிலெல்லாம் வெட்டினாரு. லீவு நாள்ல இதுதான் அவருக்கு வேல. இது என் புத்தகம் மிஸ். அப்பா கையெழுத்துப் போட்டுத் தந்தது. அவருக்குத் தெரியாம ஒளிச்சு வச்சுக்கிட்டேன்.” குரலை உயர்த்தினார். “அப்பா எழுதினதுலேயே நல்லது அந்தக் கடைசி அத்தியாயம்தான். ஒரு ஆளுக்காக அத அழிச்சாரு. இப்ப அப்பாவும் இல்ல, அந்த ஆளும் இருக்க மாட்டாரு. கத கததானே?”

உண்மையில் அந்த அத்தியாயம் நல்ல அத்தியாயம். மெய்ப்பில் படித்தபோது எனக்கே கண் கலங்கியது.

எஹலியகொடவுக்குத் திரும்பியதும் அந்தப் பெண் பேசிய இலக்கத்துக்கு நானே போன் எடுத்தேன். இத்தனை நாளும் அதைச் செய்யாமல் ஆள் ஆளாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். ஒரு இளைஞன் எடுத்து, “ஹலோ, கவுத?” என்று யாரெனக் கேட்டான். சிங்களத்திலேயே பேசினேன். நிவித்திகலையில் ஒரு சில்லறைக் கடை. போன முறை பேசியது தன் ஆச்சியாக இருக்கும் என்றான். அவன் சொன்ன வழியைக் கேட்டு, மெய்ப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

சரஸ்வதி என்று வைத்துக்கொள்ளுங்கள், அது அவர் பெயர் இல்லை. கடை மேசைக்குப் பின்னால் இருந்தார். பேரனிடமும் வாடிக்கையாளரிடமும் சிங்களம். நான் புத்தகத்தின் பெயரைச் சொன்னதும் தமிழுக்கு மாறினார், பூட்டி வைத்த அறையைத் திறப்பதுபோல மெதுவாக.

“நான் எந்தத் தொந்தரவும் குடுக்கல மிஸ். போடாதீங்கன்னு சொல்ல போன் எடுக்கல.”

“அப்ப எதுக்கும்மா கேட்டீங்க?”

“பழைய முடிவுன்னா, புத்தகம் வர்ற நேரத்துல எஹலியகொட, தெரணியகல பக்கம் போகாம இருந்துக்குவேன். அதுக்குத்தான். அங்க இன்னும் எங்கள தெரிஞ்சவங்க இருக்காங்க.”

அவர் ஸ்டோர் ஐயாவின் மகள். தோட்டத்தைவிட்டு இறங்கியபோது பாடசாலைப் பிள்ளை. அப்பா நிவித்திகலைக்கு வந்து, தமிழே பேசாத தெருவாகப் பார்த்து இந்தக் கடையைப் போட்டார். எவ்வளவு மழை பெய்தாலும் அதற்குப் பிறகு குடை பிடித்ததில்லை. மாஸ்டர் ஒரே ஒருமுறை தேடி வந்திருக்கிறார், இரண்டாம் பதிப்போடு.

“அப்பா புத்தகத்த கையில வாங்கினாரு. ‘மாஸ்டர், இதுல என்னைய நல்லவனாக்கிட்டீங்க, சந்தோஷம். லயத்துல வீடு வீடா போயி வாசிச்சுக் காட்டுவீங்களா?’ன்னு கேட்டாரு. மாஸ்டர் அழுதாரு. அப்பா தேத்தண்ணி போடச் சொன்னாரு. குடிச்சிட்டுப் போயிட்டாரு.”

பிறகு அவர் கேட்டது நான் எதிர்பார்க்காதது. “அந்தப் பழைய கடைசிய நான் படிச்சதே இல்ல மிஸ். பள்ளிக்கூடத்துல அத சத்தமா வாசிப்பாங்க. நான் காதப் பொத்திக்கிட்டு வெளிய ஓடிருவேன். ஒங்ககிட்ட இருக்கா?”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கடை மேசையில் விரித்து, விரல் வைத்து, எழுத்துக்கூட்டுகிற வேகத்தில் படித்தார். யாரோ துணி தோய்க்கச் சவர்க்காரம் கேட்டு வந்தார். பேரனைக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் படித்தார். அந்த அத்தியாயத்தில் பிடிபட்ட ஸ்டோர் ஐயா, நோயாளி மகளுக்கு மருந்து வாங்கத்தான் திருடினேன் என்று பிள்ளைகள் முன்னால் அழுவார். அந்த இடத்தில் விரல் நின்றது.

“என்னையும் போட்டிருக்காரு,” என்றார். “நோய்க்காரியா.”

அவரே தொடர்ந்தார்.

“எல்லாரும் அப்பாவச் சந்தேகப்பட்டாங்கன்னு சொல்லுவாங்க. நானும்தான் மிஸ். அந்தச் சமயம் தீபாவளிக்கு எனக்குப் போட்டுக்க ஒரு கவுண் வாங்கிட்டு வந்தாரு. இத எப்பிடி வாங்கினீங்கன்னு கேட்டேன். பதில் சொல்லாம என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் அவரு கையால எனக்கு எதுவுமே குடுக்கல. எல்லாம் அம்மா கையிலதான் குடுத்துவிடுவாரு.”

தாள்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பித் தந்தார். “நல்லாத்தான் எழுதியிருக்காரு,” என்றார். எதைப் போடுங்கள், எதைப் போடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது அட்டை அச்சாகி வந்திருந்தது. ‘மறைக்கப்பட்ட முடிவு, மீண்டும்’ என்று சிவப்பெழுத்து. வட்ஸ்அப்பில் விளம்பரம் போயிருந்தது. இரத்தினபுரிப் புத்தகக் கண்காட்சி நெருங்கிவிட்டது. மொதலாளி மெய்ப்பில் என் கையெழுத்துக்குக் காத்திருந்தார். நடந்ததைச் சொல்லி, இந்த முடிவுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

“அப்ப நானே போடுறேன்,” என்றார் கோபமாக. பிறகு குரலைத் தாழ்த்தி, “மிஸ், ஒண்ணு கேக்குறேன். அந்த ஆளு எடுக்கலேன்னு ஒங்களுக்கு என்ன நிச்சயம்?”

“நிச்சயம் ஒண்ணும் இல்ல. எடுத்தாருன்னு ஒங்களுக்கு நிச்சயமா?”

மொதலாளி பேனாவை மூடி வைத்தார். “அவர விடுங்க,” என்றேன். “நாம போடுறது மாஸ்டரோட புத்தகம். இந்தப் பக்கம் வரணுமா வேண்டாமான்னு மாஸ்டர் என்ன நெனச்சாரு? பாலனையே கேளுங்க. நான் பேசல.”

மொதலாளி பாலனை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். “தம்பி, மிஸ்ஸும் இங்க இருக்காங்க. அந்தப் பக்கத்தையெல்லாம் அப்பா எதுக்கு வெட்டினாரு?”

பாலன் கடையில் மின்விசிறி ஏதோ சோதித்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. அது நின்றது. “திரும்ப வரக்கூடாதுன்னுதான்,” என்றார். அப்புறம் யாரும் கேட்காமலே, “நான் அந்த ஆளு பின்னால நொண்டிக்கிட்டுப் போனேன் மிஸ். அப்பா பாத்தாரு. வேணாம். புதுசையே போடுங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மொதலாளி அச்சான அட்டைக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இத என்ன செய்றது?”

“ஸ்டிக்கர் ஒட்டுவோம்.”

ஒட்டினோம். சிவப்பெழுத்தின் மேல் ‘ஆசிரியர் திருத்திய பதிப்பு’ என்று ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். நல்ல பசை வாங்கியிருக்க வேண்டும். கண்காட்சியில் யாரோ அதை உரித்துப் பார்த்து, அடியிலிருந்த சிவப்பெழுத்தைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். அவ்வளவுதான். எந்தத் தோட்டக் கம்பனி விலை பேசியது, எந்தத் தொரை தொலைபேசி எடுத்தார் என்று ஆளுக்கு ஆள் எழுதினார்கள். என் பெயரையும் போட்டு எழுதினார்கள். பழைய வாசகர் ஒருவர் கடைக்கே வந்து புத்தகத்தை மேசையில் எறிந்துவிட்டுப் போனார். புத்தகம் ஓரளவு விற்றது. நாங்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

ஒரே ஒரு பதில் எழுதி இதையெல்லாம் அடக்கியிருக்கலாம். எழுதவும் கை துடித்தது. ஆனால் எழுதினால் அந்த மனிதர் யார், எந்தத் தோட்டம், மகள் எங்கே இருக்கிறார் என்று மறுநாளே தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிள்ளைகள் அன்று செய்ததைப் பெரியவர்கள் போன் வைத்துக்கொண்டு செய்வார்கள். இனி இந்தக் கேள்வி உங்களிடம் வரும். நம் பேரைக் காப்பாற்ற வேண்டும் என்று உங்களுக்கும் தோன்றும். தோன்றினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் அப்போது போன் எடுத்தார். மொதலாளி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

“முடிவ மாத்தச் சொன்னது யாரு மிஸ்?”

“எழுதினவரே மாத்தினாரு.”

“ஏன்?”

“அவரோட கத. அவரு மாத்தினாரு.”

“நம்புற மாதிரி இல்லையே.”

“நம்பாட்டிப் பரவாயில்லைங்க,” என்று போனை வைத்தேன்.

“என்னவாம்?” என்று கேட்டார் மொதலாளி.

“நாம எதையோ மறைக்கிறோமாம்.”

“மறைக்கிறோம்தானே?”

“ஆமா,” என்றேன்.